ஒரு ட்ரோல், ஒரு பாலம், பன்னெண்டு பீப்பா எண்ணெய்

கேள்வியை சுருக்கமா ஒருதடவை சொல்லிட்டு ஆரம்பிக்கறேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், அதாவது டேபிளைச் சுத்தி உக்காந்து டைஸ் உருட்டி ஆடற கதை விளையாட்டு, நாலு ப்ளேயர், எல்லாரும் 5-ஆம் லெவல், ஃபைட்டர் (வாள்வீரர்), ரோக் (பதுங்கிக் குத்தறவர்), விசர்ட் (மந்திரவாதி), கிளெரிக் (குணப்படுத்தற பூசாரி). பாஸ் ஃபைட்டுன்னு, அதாவது பெரிய எதிரியோட சண்டைன்னு, ட்ரோல்ங்கற ராட்சசன் ஒண்ணை இறக்கியிருக்கீங்க, ரெண்டே ரவுண்டுல (எல்லாரும் ஆளுக்கு ஒரு டர்ன் ஆடினா ஒரு ரவுண்டு) வெச்சு செஞ்சிட்டாங்க. கடுப்பாகி அடுத்த வாரம் ரெண்டு ட்ரோல் இறக்கினீங்க, இந்த தடவை ரெண்டு கேரக்டர் அவுட், மீதி ரெண்டு பேர் உயிர் தப்பிச்சா போதும்னு ஓட்டம், ஒரு ப்ளேயர் மூஞ்சைத் தூக்கி வெச்சுக்கிட்டு கெளம்பிட்டாரு. ஒண்ணு சப்புன்னு போகுது, இல்ல கொலைக்களமாயிடுது, நடுவுல ஒரு எடமே இல்லையான்னு கேக்கறீங்க.

இருக்கு. ஆனா அது ஒண்ணரை ட்ரோல்ல இல்ல. எல்லா டிஎம்மும் (கதையையும் மான்ஸ்டரையும் ஓட்டறவர்) மொதல்ல அங்கதான் தேடுவோம், நானும் தேடியிருக்கேன், எச்பி (எவ்ளோ அடி தாங்கும்) ஏத்திப் பாக்கறது, ஏசி (அடி பட உருட்ட வேண்டிய நம்பர்) ஏத்திப் பாக்கறது, டேமேஜ் (ஒரு அடில போற எச்பி) ஏத்திப் பாக்கறது. அதுல வர்றது நீளமான ஃபைட்டு, கஷ்டமான ஃபைட்டு வராது. நான் இன்னும் 2014 ரூல்ஸ்லதான் ஓட்டறேன், அதுனால நம்பரெல்லாம் அதுலேர்ந்து சொல்றேன், 2024 புக்குல மாறுற எடத்தை மட்டும் சொல்லிடறேன்.

மொதல்ல அந்த ரெண்டு ரவுண்டு எப்படி நடந்துச்சுன்னு கணக்கு போட்டுடலாம், ஏன்னா இதுல உங்க தப்பு எதுவும் இல்ல. ட்ரோலுக்கு 84 எச்பி, ஏசி 15. ஃபைட்டர் கையில பெரிய வாள்னா ஒரு வெட்டு சராசரியா 11, 5-ஆம் லெவல்ல டர்னுக்கு ரெண்டு வெட்டு, ஆக்ஷன் சர்ஜ், அதாவது ஒரு எக்ஸ்ட்ரா ஆக்ஷன், போட்டா நாலு. உருட்டறதோட கூட்டற போனஸ் +7 இருந்தா டி20-ல, அதாவது 20 பக்க டைஸ்ல, 8 விழுந்தாலே பட்டுடும், நூத்துக்கு 65 தடவை. ஆக 28 சொச்சம். ரோக் ஸ்னீக் அட்டாக்கோட, அதாவது சமயம் பாத்துக் குத்தற எக்ஸ்ட்ரா டேமேஜோட, ஒரு குத்து, தவறுறதையும் சேத்து சராசரி 12. விசர்ட் என்ன போடுவாருன்னு சொல்லவே வேணாம், ஃபயர்பால், தீக்குண்டு மந்திரம், 8டி6, அதாவது ஆறு பக்க டைஸ் எட்டு, ட்ரோலோட டெக்ஸ் சேவ் (விலகித் தப்பிக்கற உருட்டு) வெறும் +1, சராசரி 23 இறங்கும். கிளெரிக் கைடிங் போல்ட்னு ஒரு ஒளி மந்திரம், ஒரு 9. கூட்டிப் பாருங்க, 72. மொதல் ரவுண்டுலயே 84-ல 72 போச்சு, தீ வேற பட்டுடுச்சு, அதுனால ட்ரோலோட பெருமையே அந்த ரீஜெனரேஷன், ஒவ்வொரு டர்னும் தானா ஆறற 10 எச்பிதான், அதுவும் அடுத்த டர்ன்ல கெடையாது. பாவம், அது பதிலுக்கு என்ன பண்ணுச்சு? கடி 7, நகம் 11, இன்னொரு நகம் 11, எல்லாம் பட்டா 29, ஏசி 18 ஃபைட்டர் மேல பாதிதான் படும். 44 எச்பி ஃபைட்டருக்கு 15 போனா அவரு தொடச்சிக்கிட்டு நிப்பாரு.

புக்கோட எக்ஸ்பி டேபிளையே எடுத்துக்குங்க, மான்ஸ்டருக்குப் போட்ட பாயிண்டை வெச்சு ஃபைட்டு எவ்ளோ கஷ்டம்னு பாக்கறது. 5-ஆம் லெவல் கேரக்டர் ஒருத்தருக்கு ஈசி 250, மீடியம் 500, ஹார்ட் 750, டெட்லி 1100. நாலு பேருக்கு மீடியம் 2000-லேர்ந்து ஆரம்பிக்குது. ட்ரோல் ஒண்ணு 1800. அதாவது நீங்க பாஸுன்னு வெச்சது அந்த டேபிள் படியே ஈசி! ட்ரோலோட சிஆர், அதாவது கஷ்ட நம்பர், 5. சிஆர் 5-ன்னா 5-ஆம் லெவல் பார்ட்டிக்கு (ப்ளேயர் கூட்டத்துக்கு) சரி சமம்னு பேரைப் பாத்து நெனைச்சிக்கறோம், ஆனா அதுக்கு அர்த்தம், நல்லா ரெஸ்ட் எடுத்துட்டு வர்ற நாலு பேர் யாரும் சாகாம ஜெயிக்கலாம்ங்கறது மட்டும்தான். சாகாம ஜெயிக்கறதுக்கும் வேர்த்து விறுவிறுத்து ஜெயிக்கறதுக்கும் நெறைய தூரம் இருக்கு.

சரி, ரெண்டு ட்ரோல் வெச்சா ரெண்டு மடங்குதானே ஆகணும், ஏன் ரெண்டு பேர் செத்தாங்க? இதை விரல் விட்டு எண்ணிப் பாருங்க. ஒரு ட்ரோல் ரெண்டு ரவுண்டு நின்னா அது ரெண்டு டர்ன் அடிக்கும். ரெண்டு ட்ரோல்னா, மொதல் ரெண்டு ரவுண்டு ரெண்டும் அடிக்கும், அது நாலு டர்ன், ஒண்ணு செத்தப்புறம் இன்னொண்ணு ரெண்டு ரவுண்டு, மொத்தம் ஆறு. மான்ஸ்டர் ரெண்டு மடங்கு, வாங்கற அடி மூணு மடங்கு. அதுலயும் ரெண்டாவது ட்ரோல்கிட்ட வரும்போது ஆக்ஷன் சர்ஜ் காலி, ஃபயர்பால் பாதி காலி, அதுனால அது ரெண்டு ரவுண்டுல சாகாது, மூணு நாலு ஆகும். 2014 புக்குல இதுக்குத்தான் மல்டிப்ளையர் வெச்சிருந்தாங்க, ரெண்டு மான்ஸ்டர்னா எக்ஸ்பி-ய ஒண்ணரையால பெருக்கு, மூணுலேர்ந்து ஆறு வரைக்கும் ரெண்டால. ரெண்டு ட்ரோல் 3600, பெருக்கினா 5400, டெட்லி கோடு 4400-தான். 2024 புக்குல அந்த மல்டிப்ளையரையே தூக்கிட்டாங்க, அதே ரெண்டு ட்ரோல் அங்க மாடரேட் 3000-க்கும் ஹை 4400-க்கும் நடுவுல சாதுவா உக்காந்திருக்கும். ரெண்டு கணக்குல எது சரின்னு சண்டை போடறவங்க போடட்டும். என்னைக் கேட்டா ரெண்டுமே வாசல்ல செருப்பு எண்ணி உள்ள எத்தனை பேருன்னு சொல்ற மாதிரி, தோராயத்துக்கு உதவும், அவ்ளோதான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். தனி மான்ஸ்டரை நடுவுல விட்டு நாலு பேர் சுத்தி நின்னா அது ஃபைட்டு இல்ல, தர்ம அடி. பஸ்ல மாட்டின பிக்பாக்கெட் எவ்ளோ பலசாலியா இருந்தா என்ன. நாலு டர்னுக்கு ஒரு டர்ன், இதை எச்பி வெச்சு ஈடு கட்ட முடியாது. ஆனா கபடி பாத்திருப்பீங்க இல்ல, ரைடு போறவன் ஏழு பேர் நடுவுல தனியாத்தான் போறான், அவனும் திணறடிக்கறான். எப்படி? அவன் ஏழு பேரையும் அடிச்சுப் போட வரல. ஒருத்தனைத் தொட்டுட்டு கோட்டுக்குத் திரும்பணும், மூச்சு விடறதுக்குள்ள. அவனுக்கு ஒரு குறி இருக்கு, ஒரு எல்லை இருக்கு, நேரமும் ஓடுது, அதுனால அந்த ஏழு பேரும் பிடிக்கப் போறதா பின்வாங்கறதான்னு ஒவ்வொரு நொடியும் முடிவு எடுத்தாகணும். உங்க ட்ரோல் ரெண்டு தடவையும் நட்ட நடுவுல நின்னு சண்டை போட்டுச்சு, அதுக்கு சண்டை தவிர வேற வேலையே இல்ல, அதுனால ப்ளேயருக்கும் அடிக்கறது தவிர வேற யோசனை இல்ல.

நான் ஒரு ஃபைட்டை டிசைன் பண்ணும்போது பாக்கறது ஒண்ணே ஒண்ணுதான். ஒவ்வொரு ப்ளேயருக்கும் தன் டர்ன் வரும்போது ரெண்டு வேலை அவசரமா இருக்கணும், ஒண்ணுதான் செய்ய முடியணும். இது இருந்தா சிஆர் கம்மியா இருந்தாலும் வேர்க்கும். இது இல்லாட்டி டிராகனையே இறக்கினாலும் "நான் அடிக்கறேன், 18 பட்டுச்சா, 11 டேமேஜ், அடுத்த ஆளு" தான்.

வெறும் வாயால சொன்னா புரியாது, நான் என் டேபிள்ல ஓட்டின ஒரு ஃபைட்டை அப்படியே சொல்றேன், அதே 5-ஆம் லெவல், அதே நாலு கிளாஸ், அதே ஒத்தை ட்ரோல்.

60 அடி கல் பாலம், 10 அடி அகலம், நடுவுல ஒரு பக்கம் கைப்பிடிச்சுவர் இடிஞ்சு கெடக்கு, 15 அடி கீழ ஆறு. பார்ட்டி ஒரு மாட்டு வண்டிக்கு காவலா போகுது, வண்டில பன்னெண்டு பீப்பா விளக்கெண்ணெய், அதாவது விளக்கு எரிக்கற எண்ணெய், ஒவ்வொரு பீப்பாவும் பத்திரமா போய் சேந்தா 50 கோல்டு கூலி. அக்கரைல பாறைக்குப் பின்னாடி நாலு கோப்ளின், அதாவது குட்டி அரக்கனுங்க, வில்லோட. பாலத்துக்கு அடியில ட்ரோல். கணக்குப்படி 1800-உம் கோப்ளின் நாலுக்கு 200-உம், மொத்தம் 2000, அஞ்சு மான்ஸ்டர்னு ரெண்டால பெருக்கினா 4000, ஹார்ட். 2024 கணக்குல இதே ஃபைட்டு லோ. அவ்ளோதான், ரெண்டாவது ட்ரோல் இல்ல, எக்ஸ்ட்ரா எச்பி இல்ல.

ட்ரோலுக்கு என்ன வேணும்? மாடு. பசி. நாலு கவசம் போட்ட ஆளுங்களோட சண்டை போடணும்னு அதுக்கு எந்த வேண்டுதலும் இல்ல. கோப்ளினுக்கு என்ன வேணும்? வண்டி. ட்ரோல் மாட்டைத் தின்னுட்டு போகட்டும், ஆளுங்க ஓடட்டும், வண்டி நமக்கு. எண்ணெய்க்கு நான் ஒரு ரூல் போட்டேன், இது புக்குல இல்ல, என்னோடது, ப்ளேயர்கிட்ட மொதல்லயே சொல்லிட்டேன்: வண்டிக்கு 5 அடிக்குள்ள தீ பட்டா ஒரு பீப்பா பத்திக்கும், அடுத்த ரவுண்டு அது வெடிச்சு 10 அடிக்குள்ள இருக்கற எல்லாருக்கும் 3டி6.

இப்ப பாருங்க. பாலத்துக்கு அடியிலேர்ந்து பச்சையா ஒரு கை, எங்க ஊரு தென்னை மட்டை நீளம், மேல வந்து மாட்டோட பின்னங்காலைப் புடிக்குது. விசர்ட் ஆடற நண்பர் வழக்கம்போல டைஸை கையில அள்ளிட்டார், எட்டு டி6. "ஃபயர்பா..." ன்னு ஆரம்பிச்சவர் மேப்பைப் பாத்தார். 20 அடி ரேடியஸ். உள்ள வண்டி, மாடு, ரோக், பன்னெண்டு பீப்பா. டைஸை திரும்ப கீழ வெச்சார். ட்ரோலைக் கொல்ல தீ, இல்லன்னா ஆசிட் வேணும்னு எல்லாருக்கும் தெரியும், அந்தத் தீயைத்தான் இங்க பக்கத்துலயே கொண்டு வரக் கூடாது. ஒரு அரை நிமிஷம் டேபிள்ல சத்தமே இல்ல, ஃபேன் ஓடற சத்தம் மட்டும்.

மொதல் ரவுண்டுல ஃபைட்டர் கையை வெட்டினார், ட்ரோல் மாட்டை விடல. கோப்ளின் நாலும் அம்பு விட்டுட்டு, போனஸ் ஆக்ஷன்ல, அதாவது டர்ன்ல கூடுதலா கெடைக்கற சின்ன வேலைல, திரும்ப பாறைக்குப் பின்னாடி ஒளிஞ்சிடுச்சு. கோப்ளினோட இந்த ஒளியற திறமையை, நிம்பிள் எஸ்கேப்ப, பாதி டிஎம் மறந்துடறோம், 7 எச்பி-தானேன்னு நேரா ஓட விட்டு சாகடிக்கறோம். அது ஒளிஞ்சு அடிச்சா அட்வான்டேஜ் (ரெண்டு தடவை உருட்டி பெருசை எடுக்கலாம்), தலை தெரியும்போது அடிச்சாலும் பாறைனால ஏசி 15 ஆனது 17. ரோக் எதிர்த்து அவங்களைக் கவனிக்கறதா, இல்ல மாட்டோட நுகத்தடிக் கயித்தை அறுத்து வண்டியைக் காப்பாத்தறதா? வண்டி ஏற்கனவே இடிஞ்ச பக்கம் இழுபட ஆரம்பிச்சிடுச்சு. அவர் கயித்தை அறுத்தார். அறுத்த வேகத்துல மாடும் ட்ரோலும் ஆத்துல, கூடவே ரெண்டு பீப்பா.

இங்க ஃபைட்டு முடிஞ்சிருக்கலாம், ட்ரோலுக்கு மாடு கெடச்சிடுச்சு. ஆனா ஃபைட்டர் ஆடறவருக்கு அந்த மாட்டு மேல ஒரு பாசம், ரெண்டு செஷனா அதுக்கு பேரெல்லாம் வெச்சிருந்தார், கவசத்தோட குதிச்சிட்டார். கீழ இடுப்பளவு தண்ணி, தனியா ட்ரோலோட. மேல கோப்ளின் ரெண்டு இப்ப வண்டியை நோக்கி ஓடி வருது. கிளெரிக் எங்க போவார்? பாலத்து மேல நின்னா ஃபைட்டர் சாவார், இறங்கினா வண்டி போயிடும். அவர் விளிம்புல படுத்துக்கிட்டு ஹீலிங் வேர்ட்ங்கற குணப்படுத்தற மந்திரத்தை மட்டும் கீழ அனுப்பினார், 60 அடி வரைக்கும் போகும், போனஸ் ஆக்ஷன்தான், மிச்ச ஆக்ஷன்ல வண்டி முன்னாடி நின்னு கோப்ளினைத் தடுத்தார். மூணாவது ரவுண்டுல ஃபைட்டர் 0-க்கு போனார், எழுந்தார், நாலாவதுல மறுபடி 4 எச்பி. ரீஜெனரேஷன் வேற ஓடிக்கிட்டே இருக்கு, ஒவ்வொரு டர்னும் 10, தீ படாத வரைக்கும் அடிச்சது அடிச்ச மாதிரியே இல்ல.

அஞ்சாவது ரவுண்டுலதான் ரோக்குக்கு அது தோணுச்சு. ஒரு பீப்பாவை அவரே உருட்டி கீழ தள்ளினார், 50 கோல்டு, கரையில ட்ரோல் பக்கத்துல போய் உடைஞ்சுது. விசர்ட் இப்ப சிரிச்சுக்கிட்டே ஃபயர் போல்ட், சின்ன தீ மந்திரம். ட்ரோல் அலறிக்கிட்டு, 20 எச்பி இருக்கும்போதே, மாட்டை இழுத்துக்கிட்டு ஆத்தோட போயிடுச்சு. ரெண்டு கோப்ளின் செத்ததும் மத்த ரெண்டும் காணோம். முடிவுல ஒன்பது பீப்பா மிச்சம், மாடு இல்ல, ஃபைட்டர் 4 எச்பி-யோட மீதி வழி முழுக்க வண்டி இழுத்தார்.

அதே மான்ஸ்டர்தான், உங்க டேபிள்ல ரெண்டு ரவுண்டு, இங்க அஞ்சு. யாரும் சாகல, ஆனா எல்லாரும் சாகப் போறோம்னு நெனைச்சாங்க. ஒரு ரவுண்டு கூட "நான் அடிக்கறேன்"-னு சும்மா போகல.

இதைப் பாத்துட்டு எல்லா ஃபைட்டுலயும் வண்டியும் எண்ணெயும் வெக்காதீங்க, மூணாவது தடவை அவங்களே வண்டியைக் கொளுத்திடுவாங்க. வெக்க வேண்டியது, அவங்களோட பெரிய ஆயுதத்தை தயங்கித் தயங்கி எடுக்க வெக்கற ஏதாவது ஒண்ணு. ஃபயர்பாலுக்கு எண்ணெய். பெரிய வாள்காரருக்கு தூரத்துல, உயரத்துல ஒரு வில்லாளி. தடுக்கறதுதான் ஈசி, தீ செல்லாத மான்ஸ்டரை வெச்சா விசர்ட் வாயடைச்சுப் போவார், ஆனா அது அவரோட பொம்மையைப் புடுங்கி அலமாரி மேல வெக்கற மாதிரி. செல்லணும், ஆனா விலை கொடுக்கணும்.

புடுங்கறதுன்னதும் ஞாபகம் வருது, ஃபைட்டு கஷ்டமாகணும்னு ப்ளேயரோட டர்னையே புடுங்கற டிஎம்கள் நெறைய பேர். நானும் பண்ணேன். ஒருதடவை கல்ட் ஃபனாட்டிக்னு ஒரு வெறிபிடிச்ச பூசாரி, சிஆர் 2, ஹோல்டு பெர்சன் (ஆளை அசையாம கட்டற மந்திரம்) போட்டுச்சு, ஃபைட்டர் மாட்டினார், விஸ்டம் சேவ் ஃபெயில், அடுத்த ரவுண்டு ஃபெயில், நாலு ரவுண்டு வரிசையா ஃபெயில். ஒரு ரவுண்டு பத்து நிமிஷம்னு வெச்சுக்குங்க, நாப்பது நிமிஷம் அந்த மனுஷன் போன்ல கிரிக்கெட் ஸ்கோர் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தார். அது கஷ்டமான ஃபைட்டு இல்ல, வெயிட்டிங் ரூம். ஸ்டன், பாரலைஸ்னு ஆளை செயலிழக்க வெக்கற ரெண்டையும் உப்பு மாதிரி அளவா போடுங்க. அதுக்கு பதிலா தள்ளி விடுங்க, கீழ விழ வெய்ங்க, புடிச்சு இழுத்துக்கிட்டு ஓடுங்க. டர்ன் இருக்கும், ஆனா நெனைச்ச எடத்துல நெனைச்சதை செய்ய முடியாது. அதுதான் வேணும்.

சிஆர் நம்பரை நம்பி மோசம் போறதுக்கு இன்னொரு எடம் இருக்கு, அது கீழ் மட்டத்துல. ஷேடோன்னு ஒரு நிழல் பேய், சிஆர் அரை, 16 எச்பி, 100 எக்ஸ்பி. நாலு ஷேடோ வெச்சா பெருக்கி 800, உங்க 5-ஆம் லெவல் பார்ட்டிக்கு ஈசி கோட்டைக் கூட தொடல. ஆனா அது அடிக்கற ஒவ்வொரு அடிக்கும் ஸ்ட்ரெங்த், அதாவது உடல் பலம், 1டி4 கொறையும், 0 ஆனா ஆளு காலி, டெத் சேவ் (உயிர் பிழைக்கற உருட்டு) கெடையாது. விசர்டோட ஸ்ட்ரெங்த் பெரும்பாலும் 8. சராசரி ரெண்டரைன்னா நாலு அடி, டைஸ் கெட்டுப் போனா ரெண்டே அடி. நாலு ஷேடோவும் ஒரே ஆள் மேல பாஞ்சா ஒரே ரவுண்டுல கதை முடிஞ்சிடலாம். என் டேபிள்ல மொத தடவை ஒரு கேரக்டர் செத்தது இப்படித்தான், வார்ம்-அப் ஃபைட்டுன்னு நெனைச்சு வெச்சது. பான்ஷீங்கற பெண் பேயோட அலறல் இதே ரகம், சிஆர் 4, சேவ் தவறினா நேரா 0 எச்பி. அதுனால ஸ்டாட் பிளாக்ல, மான்ஸ்டரோட நம்பர் பட்டியல்ல, சிஆர் பாக்கறதுக்கு முன்னாடி "எச்பி-ய விட்டுட்டு வேற எதையாவது அடிக்குதா"-ன்னு ஒருதடவை கண்ணை ஓட்டுங்க. 1-ஆம் லெவல்னா இன்னும் ஜாக்கிரதை, அங்க ஓர்க்ங்கற முரட்டு அரக்கனோட கோடாரி 1டி12+3, விசர்டுக்கு மொத்தமே 7, 8 எச்பிதான் இருக்கும், அங்க எந்த டிசைனும் எடுபடாது, ஒரு கெட்ட டைஸ் போதும்.

தனி பாஸ் வேணும், கூட ஆளு வேணாம்னா? கதைக்கு சில சமயம் அப்படித்தான் தேவைப்படும். புக்குல பெரிய மான்ஸ்டருக்கு இதுக்கு வழி பண்ணியிருக்காங்க, அடல்ட் ரெட் டிராகனுக்கு மத்தவங்க டர்ன் முடியும்போது எடுக்கற லெஜண்டரி ஆக்ஷன் ரவுண்டுக்கு மூணு, அதோட குகைக்குள்ள போனா இனிஷியேட்டிவ் (டர்ன் வரிசை நம்பர்) 20-ல குகையே ஒரு வேலை காட்டும். ஆனா அது சிஆர் 17, உங்க பார்ட்டி கிட்ட போக முடியாது. 5-ஆம் லெவலுக்கு நான் பண்றது சிம்பிள், பாஸுக்கு ரெண்டு டர்ன். உருட்டின இனிஷியேட்டிவ்ல ஒண்ணு, அதுலேர்ந்து 10 கழிச்சு இன்னொண்ணு, ஒவ்வொரு டர்ன்லயும் அடி எண்ணிக்கை பாதி. மொத்த டேமேஜ் ஏறவே இல்ல, ஆனா நாலு பேர் வரிசையா அடிச்சு முடிக்கற வரைக்கும் அது கையைக் கட்டிக்கிட்டு நிக்காது, நடுவுல நகரும், ஆளை மாத்தும், பிளானைக் கலைக்கும். ட்ரோல்னா மொத டர்ன்ல ரெண்டு நகம், ரெண்டாவது டர்ன்ல கடியும் ஒரு ஓட்டமும். ரீஜெனரேஷன் மட்டும் ரவுண்டுக்கு ஒருதடவைதான், அதை மறந்து ரெண்டு தடவை குடுத்துடாதீங்க, சாகவே சாகாது.

ரெஸ்ட் விஷயம் ஒண்ணு, இதை யாரும் ஒத்துக்க மாட்டாங்க. 2014 ரூல்ஸ் முழுசுமே கதைல ஒரு நாளைக்கு ஆறுலேர்ந்து எட்டு மீடியம் ஹார்ட் ஃபைட்டு, நடுவுல ரெண்டு ஷார்ட் ரெஸ்ட் (சின்ன ஓய்வு)-னு நெனைச்சு கட்டினது. நம்ம யாரு ஒரு நாள்ல எட்டு ஃபைட்டு ஓட்டறோம்? சனிக்கிழமை ராத்திரி மூணு மணி நேரம், அதுல ஒரு மணி நேரம் கடைக்காரன்கிட்ட பேரம் பேசியே போயிடுது. ஒரே ஃபைட்டு, அதுக்கு முன்னாடி லாங் ரெஸ்ட் (முழு ராத்திரி ஓய்வு), அப்ப எல்லா ஸ்பெல்லும் கையில, காஞ்ச மாடு கம்புல விழுந்த மாதிரி மொத ரவுண்டுலயே எல்லாத்தையும் கொட்டுவாங்க. இதுக்கு நான் ஃபைட்டை அலை அலையா பிரிப்பேன். மொத அலை சின்னது, ஆனா பெருசு மாதிரி தெரியணும். ரெண்டாவது அலை ரெண்டு ரவுண்டு கழிச்சு, அது வரப்போறதுக்கு அறிகுறி காட்டிட்டுத்தான். ஊதுகொம்பு ஒண்ணு மேல தொங்குது, ஒரு கோப்ளின் அதை நோக்கி ஓடுது, பாத்துட்டாங்க, தடுத்தா அலை வராது. தடுக்கறதா, முன்னாடி நிக்கறதை அடிக்கறதா, மறுபடியும் அதே ரெண்டு வேலை.

இந்த அலைதான் எனக்கு வால்யூம் பட்டன் கூட. ஃபைட்டு சப்புன்னு போனா ரெண்டாவது அலை மூணாவது ரவுண்டுலயே வரும், பார்ட்டி திணறினா அஞ்சாவதுல வரும், இல்ல வராமலே போகும், யாருக்கும் தெரியாது. சில டிஎம் இதுக்கு ஃபைட்டு நடுவுல எச்பி-ய ஏத்தி எறக்குவாங்க, ஓகர்ங்கற ராட்சசனுக்கு சராசரி 59 எச்பி-ன்னு போட்டிருந்தாலும் அதோட டைஸ் 7டி10+21, அதாவது 28-லேர்ந்து 91 வரை எதுவும் ரூல்படி நியாயம்தான். ஆனா அதை ஃபைட்டுக்கு முன்னாடி முடிவு பண்ணுங்க. நடுவுல மாத்த ஆரம்பிச்சீங்கன்னா ப்ளேயர் எவ்ளோ நல்லா ஆடினாலும் உங்களுக்கு எப்ப தோணுதோ அப்பதான் சாகும், அதை மோப்பம் புடிச்சிடுவாங்க, நம்ம மூஞ்சிலயே தெரியும். டைஸை நான் திரைக்குப் பின்னாடி உருட்டறதையும் விட்டுட்டேன், எல்லாம் டேபிள் நடுவுல. க்ரிட் (டேமேஜ் டைஸை ரெட்டிப்பாக்கற 20) விழுந்தா விழுந்ததுதான்.

அப்புறம் மான்ஸ்டர் ஓடணும். இதை எவ்ளோ சொன்னாலும் போதாது. கடைசி எச்பி வரைக்கும் நிக்கற கோப்ளின் யாரும் கண்டதில்ல. இதே விளையாட்டோட 1981 பேசிக் ரூல்ஸ்ல ஒவ்வொரு மான்ஸ்டருக்கும் மொரால்னு ஒரு தைரிய நம்பர் இருந்துச்சு, கூட்டத்துல மொத ஆள் செத்ததும் ஒருதடவை, பாதி பேர் விழுந்ததும் ஒருதடவை, 2டி6 உருட்டு, நம்பரைத் தாண்டினா ஓட்டம். ஏன் அதை எடுத்தாங்கன்னு எனக்கு இன்னமும் கோவம். ஓடறதுனால ஃபைட்டு ஜவ்வு மாதிரி இழுக்காது, அதோட ஓடினது திரும்பி வரும், பார்ட்டியோட ட்ரிக் எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு. 1987-ல டிராகன் பத்திரிகைல ரோஜர் மூர் எழுதின, டக்கர்னு ஒரு டிஎம்மோட கோபோல்டு கதையை இந்த விளையாட்டுல பழைய ஆளுங்க எல்லாரும் சொல்லுவாங்க, ஒண்ணுக்கும் உதவாத குட்டி கோபோல்டுங்க, தன் குகையில, பொறியும் தீயும் மறைவிடமும் வெச்சுக்கிட்டு பெரிய லெவல் ஹீரோக்களை அலற விட்டது. அந்த கோபோல்டுக்கு எவனும் எச்பி ஏத்தல.

இப்ப உங்க டேபிளுக்கு. அந்த ரெண்டு ட்ரோலும் இன்னும் உயிரோட இருக்கு இல்ல? செத்த ரெண்டு பேரோட சாமானும் அதுங்ககிட்டதான் இருக்கு. அதை வீணாக்காதீங்க. புது ஃபைட்டு யோசிக்காதீங்க, அதுங்களையே எடுங்க, ஆனா சேத்து வெக்காதீங்க. ஒண்ணு குகைல தூங்குது, செத்தவரோட கேடயத்தை தட்டா வெச்சு தின்னுட்டு. இன்னொண்ணு வேட்டைக்குப் போயிருக்கு, பொழுது சாயறதுக்குள்ள வந்துடும், ஆத்தங்கரைல அதோட காலடித் தடம் போன திசையை மொதல்லயே காட்டிடுங்க. குகைக்குள்ள தோள் வரைக்கும் காஞ்ச நாணல், படுக்கைக்குப் போட்டது. தீ வெச்சா உள்ள இருக்கறது செத்துடும், ஆனா புகை நாலு மைலுக்குத் தெரியும், சாமானும் எரிஞ்சுடும். அந்த மூஞ்சைத் தூக்கி வெச்சுக்கிட்டு போனவர் கிட்ட போன் போட்டு, கேடயம் இன்னும் உடையலன்னு மட்டும் சொல்லுங்க, அடுத்த சனிக்கிழமை வந்துடுவார்.